தனலெட்சுமி கேட்காமல் விட்ட கேள்வி

தனலெட்சுமியால் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில், மேல்பிரிவு லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் அவள் குடியிருந்தாள். கல்யாணமான காலத்திலிருந்து அந்த மலைகளில்தான் கொழுந்து பறிக்கிறாள். கரண்ட் கம்பத்தில் ஆள் ஏறினால், அவர் வேலை முடிந்து இறங்கும்வரை கீழே நின்று, எந்தக் கம்பியில் கரண்ட் வருகிறது, எதில் திரும்பிப் போகிறது என்று கேட்பாள். புல்லுக்கு மருந்தடிக்க வருகிறவர்களிடம், தேயிலையை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் அந்த மருந்து எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது என்று கேட்பாள். சிலர் பதில் சொல்வார்கள், சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். இவளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கூடை கொழுந்து எடுத்துவிடலாம் என்று அவள் புருஷன் பொன்னையா சொல்வார்.

மருமகள் நிரஞ்சலா அவளுக்கு நேர்மாறு. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவள். மனதில் இருப்பதை லேசில் வெளியே விடமாட்டாள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருப்பாள். அவளுடைய கணவன் நிஷாந்த், தனலெட்சுமியின் ஒரே மகன், மொனராகலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தான். மாதத்தில் ஒன்றிரண்டு தடவைதான் வீட்டுக்கு வருவான். அதனால் வீட்டில் மாமியும் மருமகளும்தான் ஒருவருக்கொருவர் துணை.

நிரஞ்சலாவுக்கு முதல் கரு தங்கவில்லை. மூன்றாம் மாதம் தொடங்கும்போது நிஷாந்த் அவளைப் பதுளையில் ஓர் இடத்துக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனான். பை மட்டும்தான் இருக்கிறது, உள்ளே பிள்ளை வளரவில்லை என்று சொன்னார்கள். அந்தக் கிழமையே அது கலைந்துபோயிற்று. லயத்தில் ஒருத்தி, அந்த மிசினிலிருந்து வருகிற வெளிச்சம் பட்டுத்தான் கரு கருகியிருக்கும் என்று சொன்னாள். அதை நம்புகிறேன் என்றும் நிரஞ்சலா சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுபடி முழுகாமல் இருப்பது தெரிந்து, மிட்வைஃப் வீட்டுக்கு வந்து, முதல் தடவை அப்படி ஆனதால் இந்தத் தடவை சீக்கிரமே ஒரு ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று நாளும் குறித்துக் கொடுத்தபோது, அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் நான் போகமாட்டேன் என்றாள்.

நிஷாந்த் போனில் கெஞ்சிப் பார்த்தான். பொன்னையா, இஷ்டமில்லாவிட்டால் விடுங்கள் என்றார். தனலெட்சுமி கெஞ்சவும் இல்லை, விடவும் இல்லை. அந்த வெளிச்சக் கதை அவள் மனதையும் குடைந்துகொண்டுதான் இருந்தது. அப்படி ஒரு வெளிச்சம் உண்டென்றால், வயிற்றுத் தோலைச் சுடாமல் உள்ளே இருப்பதை மட்டும் அது எப்படிச் சுடும்?

"நானும் வர்றேன் புள்ள," என்றாள் அவள். "அந்த மிசின்ல வெளிச்சம் இருக்கா இல்லையான்னு நான் கேக்குறேன். இருக்குன்னு சொன்னா அப்பிடியே திரும்பி வந்துருவோம்."

இதற்கு நிரஞ்சலா சம்மதித்தாள். குறித்த நாளில் இருவரும் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே நீளமான வாங்குகள் கிடந்தன. உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோர் கையிலும் தண்ணீர்ப் போத்தல். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும் என்று மிட்வைஃப் சொல்லியிருந்தார். நிரஞ்சலாவும் குடித்துவிட்டுக் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தலையை மூடி முக்காடிட்ட ஓர் அம்மா, ஐம்பத்தைந்து வயதிருக்கும், அவரும் போத்தலும் கையுமாக இருந்தார். மகளுக்காக வந்திருக்கிறாரா என்று தனலெட்சுமி கேட்டாள். இல்லை, தனக்குத்தான் என்றார் அவர்.

தனலெட்சுமிக்கு வியப்புத் தாங்கவில்லை. ஸ்கேன் என்பது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு உள்ளது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுக் கேட்டே விட்டாள். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய பெயர் ஸித்தி ஸுபைதா. பதுளை பஜாரில் அவர் கணவருக்குப் புடவைக்கடை இருந்தது. மாதவிலக்கு நின்று ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு திடீரென்று கொஞ்சம் இரத்தம் பட்டிருந்ததாம். நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் ஏன் என்று பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கர்ப்பப்பை, அதன் உள்தோல், பக்கத்தில் இருக்கிற முட்டைப்பைகள் எல்லாவற்றையும் இதில் பார்ப்பார்களாம்.

முட்டைப்பை எத்தனை, அது எங்கே இருக்கிறது, வயதானால் என்ன ஆகும் என்று தனலெட்சுமி அடுக்கிக்கொண்டே போனாள். ஸுபைதா தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். பிறகு, உங்களுக்கு எப்படி, எல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க," என்று சொல்லிவிட்டுத் தனலெட்சுமி கதவைப் பார்த்தாள்.

உள்ளே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். பெயர் ஸனா, பண்டாரவளைக்காரி. தமிழில் பேசியதில் நிரஞ்சலாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. கட்டிலில் படுக்கச் சொல்லி, அடிவயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் மழை பெய்வதுபோல ஏதோ ஓடியது. டாக்டர் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நிரஞ்சலாவின் விரல்கள் தனலெட்சுமியின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டன. போன தடவையும் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள் என்று அவள் பிறகு சொன்னாள்.

தனலெட்சுமி அப்போதுதான் தன் கேள்வியைக் கேட்டாள். "டாக்டர், இந்த மிசின்ல வெளிச்சம் வருதுங்களா? உள்ளுக்குப் போயி சுடுற மாதிரி?"

ஸனா கையை எடுத்தார். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. முகங்கள் இரண்டையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"வெளிச்சமும் இல்ல, கதிரும் இல்ல, அம்மா. இது சத்தம். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். இந்தக் கருவி சத்தத்தை உள்ள அனுப்புது. அது பட்டுத் திரும்பி வாறத வச்சுப் படம் போடுது. அவ்வளவுதான்."

பிறகு நிரஞ்சலாவைப் பார்த்து மெதுவாகப் பேசினார். முதல் கரு வளராமல் நின்றதற்கு ஸ்கேன் காரணமில்லை. அது முன்னமே நின்றுவிட்டது. ஸ்கேன் அதைக் காட்டியது, அவ்வளவுதான். தண்ணீர்க் குடம் தூக்கியதும் காரணமில்லை, பிள்ளைகளைத் தூக்கியதும் காரணமில்லை. கரு உருவாகும்போதே ஏற்படுகிற கோளாறினால் நிறையப் பெண்களுக்கு இப்படி ஆகிறது. குடம் தூக்கியதால்தானோ என்று தனக்குள் குமைந்ததை நிரஞ்சலா யாரிடமும் சொன்னதே இல்லை. அவள் கண்ணிலிருந்து நீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போனது.

கரு இன்னும் சின்னது, வயிற்றின் மேலிருந்து சரியாகத் தெரியவில்லை, பிறப்புவழியால் ஒரு மெல்லிய கருவியை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்றார் டாக்டர். அதற்குப் புது உறை போட்டிருப்பார்கள். கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், வலிக்காது, பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. வேண்டாமென்றால் வேண்டாம், நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிடுவேன் என்றார். மாமி பக்கத்தில் இருக்கட்டுமா, வெளியே இருக்கட்டுமா என்றும் கேட்டார். இருக்கட்டும் என்றாள் நிரஞ்சலா.

இதற்கு மூத்திரப்பை வெறுமையாக இருக்க வேண்டுமாம். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தவளை இப்போது போய்விட்டு வரச் சொன்னார்கள். கழுவறையிலிருந்து திரும்பும்போது நிரஞ்சலா தன்னை மீறிச் சிரித்துவிட்டாள்.

தனலெட்சுமி தலைமாட்டில் நின்றாள். இந்த முறை திரையில் கறுப்பாக ஒரு குழி தெரிந்தது. அதன் ஓரத்தில் அவரை விதை போல வெள்ளையாக ஒன்று. அதன் நடுவில் என்னவோ பட்பட்டென்று மினுங்கியது.

"அந்த மினுங்குறதுதான் இதயம்," என்றார் டாக்டர். "துடிக்குது, பாருங்க."

தனலெட்சுமிக்கு முதலில் பிடிபடவில்லை. டாக்டர் விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் கண்டாள். நிரஞ்சலா எப்போதோ கண்டுவிட்டிருந்தாள். படம் மறைந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறுகிற பாதையில், ஓர் இடத்தில் பள்ளத்துக்கு அப்பால் பெரிய பாறை நிற்கும். அங்கே வந்ததும் தனலெட்சுமி நின்றாள். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "ஓய்" என்று கத்தினாள். பாறை "ஓய்" என்றது. கொஞ்சம் மேலே ஏறி, பாறைக்குக் கிட்டத்தில் நின்று மறுபடி கத்தினாள். இப்போது சத்தம் சீக்கிரம் திரும்பியது. தூரத்தில் இருந்தால் சத்தம் சுணங்கி வருகிறது, கிட்டத்தில் இருந்தால் உடனே வருகிறது. அப்படியென்றால் திரும்பி வருகிற நேரத்தை வைத்துத்தான் எது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மிசின் கண்டுபிடிக்கிறது என்று அவள் மருமகளிடம் விளக்கினாள். கொழுந்துக் கூடையோடு மேலேயிருந்து இறங்கி வந்த பெண்கள் இரண்டு பேர், எதற்குக் கத்துகிறீர்கள், மாடு கீடு காணாமல் போய்விட்டதா என்று கேட்டார்கள். நிரஞ்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஸ்கேன் என்றால் நிரஞ்சலா முகம் சுளிக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் எடுக்கிற ஸ்கேன்தான் நீளமானது. பிள்ளையின் ஒவ்வோர் உறுப்பையும் பார்ப்பார்கள். அன்றைக்கும் ஸனாதான் இருந்தார். பாறைக் கதையைத் தனலெட்சுமி சொன்னதும் அவர் உண்மையாகவே மகிழ்ந்து, சரியாகச் சொன்னீர்கள் அம்மா என்றார். பிறகு மண்டையோடு, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், வயிறு, சிறுநீரகம் என்று வரிசையாகக் காட்டினார். முதுகெலும்பு கோத்த மணிபோல் இருந்தது. நடுவில் சில நேரம் பேசாமல் அளவு எடுத்தார். நான் பேசாமல் இருந்தால் அளந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், பயப்பட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவைத்தார்.

ஆணா பெண்ணா என்று தனலெட்சுமி கேட்டாள். பிள்ளை காலை மடக்கி வைத்துக்கொண்டு காட்ட மறுத்தது. எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று நிரஞ்சலா கேட்டாள். பார்த்தவரைக்கும் நன்றாக இருக்கிறது, ஆனால் படத்தில் தெரியாத குறைகளும் உண்டு, ஸ்கேன் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கக்கூடாது என்றார் டாக்டர். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. நஞ்சுக்கொடி கீழே, கர்ப்பப்பையின் வாய்க்குக் கிட்டத்தில் இருந்தது. இந்த மாதத்தில் பலருக்கு அப்படி இருக்கும், கர்ப்பப்பை வளர வளர அது மேலே ஏறிவிடும். எட்டாம் மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

"அதுக்கிடையில இரத்தம் பட்டா, கொஞ்சமா இருந்தாலும், உடனே வந்துரணும்," என்றார் ஸனா. "விடியட்டும்னு பார்க்கக் கூடாது, யாரும் என்ன நினைப்பாங்கன்னும் பார்க்கக் கூடாது. இரத்தம் போறது மறைக்கிற விஷயம் இல்ல."

அவர் நிரஞ்சலாவிடம்தான் சொன்னார். ஆனால் அன்று பஸ்ஸில் தனலெட்சுமி ஒரு வார்த்தையும் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நிரஞ்சலா அதைக் கவனித்தாள். அவள் வேறு சிலவற்றையும் ஏற்கெனவே கவனித்திருந்தாள். மாமி மாதத்தில் பத்து நாளுக்கு மேல் பழைய சேலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கண்ணின் உள்தோல் வெளுத்திருந்தது. முன்பெல்லாம் அவளோடு நடக்க மற்றவர்கள்தான் ஓட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்துவிட்டு நிரஞ்சலா எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமி, ஊருல உள்ளது எல்லாத்தையும் கேக்குறீங்க. ஒங்களுக்கு மாசா மாசம் இவ்வளவு போகுதே, அது ஏன்னு யாருக்கிட்டயும் கேக்கலையே, ஏன்?"

தனலெட்சுமி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கேட்டா பதில் சொல்லிருவாங்களே, புள்ள," என்றாள்.

பக்கத்து லயத்தில் ஒருத்தி இருந்தாள். தனலெட்சுமியோடு ஒரே நிரையில் நின்று கொழுந்து பறித்தவள். இரத்தம் நிற்காமல் போகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டி என்றார்கள், புற்று என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை. அந்தக் கட்டியை அவர்கள் பார்க்காமல் இருந்திருந்தால் அவள் இன்னும் கொஞ்சநாள் சந்தோஷமாக இருந்திருப்பாள் என்று தனலெட்சுமிக்கு ஓர் எண்ணம். அது சரியான எண்ணமில்லை என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் அது போகவில்லை.

நிரஞ்சலா அவளைத் திட்டவில்லை. இந்தப் பிள்ளைக்கு முதல் ஸ்கேன் எடுத்த அன்று தான் படுத்திருந்த கட்டிலைப் பற்றிப் பேசினாள். டாக்டர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் அவளுக்கு இருந்ததாம். பார்க்காமல் இருந்தால் உள்ளே எதுவும் மாறிவிடாது என்று அப்போதுதான் புரிந்ததாம். இத்தனை வார்த்தையை ஒரே மூச்சில் அவள் பேசித் தனலெட்சுமி கேட்டதில்லை.

"நானும் வர்றேன்," என்று முடித்தாள் நிரஞ்சலா. "நீங்க கண்ண மூடிக்கங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

மிட்வைஃபிடம் நிரஞ்சலாவே பேசினாள். அவர் பெண்களுக்கான கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இவ்வளவு குறைந்த இரத்தத்தோடு எப்படி மலை ஏறினீர்கள் என்று கேட்டார்கள். ஸ்கேனுக்கு நாள் கிடைத்தது. இந்த முறை போத்தல் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுக் கால்களை ஒடுக்கி உட்கார்ந்தவள் தனலெட்சுமி. பக்கத்தில் வயிறு மேடிட்ட மருமகள்.

ஸனா அவளைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். ஜெல் தடவும்போது குளிருகிறதா என்று கேட்டார். தனலெட்சுமி கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

"இண்டைக்குக் கேள்வி ஒண்டும் இல்லையா, அம்மா?"

தனலெட்சுமி தலையை மட்டும் ஆட்டினாள். கருவி வயிற்றில் நகர்ந்தது. அறை அமைதியாக இருந்தது. மிசினின் சின்ன இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த அமைதியில், டாக்டர் பேசாமல் இருந்தால் அளக்கிறார் என்று அர்த்தம் என்பது தனலெட்சுமிக்கு நினைவு வந்தது. என்னத்தை அளக்கிறார்? அதை அறியாமல் படுத்திருப்பது, அறிவதை விட மோசமாக இருந்தது. அவள் கண்ணைத் திறந்து தலையைத் திரையின் பக்கம் திருப்பினாள்.

"எங்க, காட்டுங்க," என்றாள்.

ஸனா திரையை அவள் பக்கம் திருப்பினார். கறுப்பாகத் தெரிவது மூத்திரப்பை. அதற்குப் பின்னால் இருப்பது கர்ப்பப்பை. அது பின்பக்கம் சாய்ந்திருந்தது. சிலருக்கு முன்பக்கம், சிலருக்குப் பின்பக்கம். இடதுகைப் பழக்கம் மாதிரி, அது நோயில்லை என்றார்.

"நிஷாந்த் இருந்தது இதுலயா?"

"இதுலதான்."

"இவ்வளவு சின்னதாவா இருக்கு?"

பிள்ளை இல்லாதபோது அது ஒரு பேரிக்காய் அளவுதான் இருக்கும், பிள்ளை வளரும்போது விரிந்து கொடுத்துப் பிறகு சுருங்கிவிடும், உங்களுடையது உண்மையில் கொஞ்சம் பெருத்திருக்கிறது என்றார் டாக்டர். தனலெட்சுமி திரைக்குக் கிட்டத் தலையை நீட்டினாள். முப்பது வருடமாகத் தன்னோடு மலை ஏறி இறங்கிய ஒன்றை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். நாலு கிலோவுக்குக் கிட்டப் பிறந்து, இப்போது நிலைவாசலில் தலை இடிக்கிற ஒருவன் அதற்குள் மடங்கிக் கிடந்திருக்கிறான். நிரஞ்சலாவும் எட்டிப் பார்த்தாள். தன் புருஷன் குடியிருந்த இடம் என்று எண்ணியோ என்னவோ, அவள் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு வந்தது.

பிறகு டாக்டர் அதன் சுவரில் உருண்டையாக, கொஞ்சம் இருட்டாகத் தெரிந்த ஒன்றைக் காட்டினார். கொய்யாக்காய் அளவு. பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று.

"இது பைப்ரோயிட். கர்ப்பப்பைத் தசையிலேயே வளர்ற கட்டி. உங்க வயசுல நிறையப் பேருக்கு இருக்கு. பார்த்தா புற்றுநோய் மாதிரி இல்ல."

"உறுதியா தெரியுமா டாக்டர்?"

"ஸ்கேன் மட்டும் வச்சு நூற்றுக்கு நூறு சொல்லமாட்டேன். உள்தோல்ல கொஞ்சம் எடுத்துச் சோதிச்சுப் பார்ப்பாங்க. ஆனா எனக்குப் பயமா இல்ல."

தனலெட்சுமி நீளமாக மூச்சு விட்டாள். அதற்குப் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. கட்டி எப்படி வந்தது, எத்தனை நாளாக இருந்திருக்கும், அது இரத்தத்தைக் குடித்தா வளர்கிறது, முட்டைப்பைகள் எங்கே, மாதவிலக்கு நின்றுவிட்டால் கட்டியும் சுருங்குமா? ஸனா தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னார். ஏன் வருகிறது என்பதற்கு மட்டும், முழுசாக யாருக்கும் தெரியாது அம்மா என்றார். டாக்டர்களுக்கே தெரியாத ஒன்று தன் வயிற்றில் இருப்பதில் தனலெட்சுமிக்குச் சின்ன பெருமைகூட வந்தது. அடுத்த நம்பர் பெண் கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தாள்.

வெளியே வந்து பஜாரில் ஸுபைதாவின் புடவைக்கடைப் பக்கம் போனார்கள். அவருக்கு உள்தோலில் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருந்ததாம். எடுத்துவிட்டார்கள், சோதித்ததில் கெடுதலாக எதுவும் இல்லை. அவரே வாங்கு போட்டு உட்காரவைத்து, தனலெட்சுமியின் கதையைக் கேட்டார். அன்றைக்கு நீங்கள் கதவைப் பார்த்தபோதே நினைத்தேன் என்று மட்டும் சொன்னார்.

உள்தோல் சோதனை கிளினிக்கில் நடந்தது. கடுமையான பிடிப்பு வலி, ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்த அன்று பொன்னையா வேலையிலிருந்து நேரே கோயிலுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார். அதுவரை தான் பயந்திருந்ததை அவர் காட்டிக்கொண்டதே இல்லை. இரும்புச்சத்து மாத்திரையும், இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரையும் தொடங்கினார்கள். கூடவே, பலன் தராவிட்டால் கர்ப்பப்பைக்குள் மருந்துள்ள ஒரு வளையம் வைக்கலாம், அல்லது ஆபரேஷன் செய்யலாம், யோசித்து நீங்களே சொல்லுங்கள் என்றார்கள்.

எட்டாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி மேலே ஏறியிருந்தது. அதற்கு அடுத்த மாதம், மழை விடாமல் பெய்த ஒரு பகலில், நிரஞ்சலாவுக்குப் பதுளையில் சுகப்பிரசவம் ஆயிற்று. பெண் பிள்ளை. நிஷாந்த் மொனராகலையிலிருந்து நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். பிள்ளையைக் கையில் வாங்கும்போது எங்கே பிடிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. நிரஞ்சலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

தனலெட்சுமிக்கு மாத்திரைகள் போதவில்லை. இரத்தப்போக்கு குறைந்து மறுபடி கூடியது. இரண்டு மூன்று கிளினிக் நாட்களில் அவள் கேட்டறிய வேண்டியதையெல்லாம் கேட்டறிந்துவிட்டு, ஆபரேஷன் செய்துகொள்கிறேன், கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள், முட்டைப்பைகள் நன்றாக இருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள் என்று அவளே முடிவு சொன்னாள். பேத்திக்கு மூன்று மாதம் ஆனபோது ஆபரேஷன் நடந்தது.

எடுத்ததை வீட்டு ஆளுக்குக் காட்டுவது அங்கே வழக்கம். தியேட்டர் கதவைத் திறந்து ஒரு நேர்ஸ், சோதனைக்கு அனுப்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தட்டத்தை நிஷாந்திடம் நீட்டினார். அவன் ஒரு கணம்தான் பார்த்தான். அடுத்த நிமிடம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்து எழுப்ப வேண்டியதாயிற்று.

மாலையில் பார்வை நேரத்தில் அவன் வார்டுக்குப் போனான். நிரஞ்சலாவும் கூடப் போனாள். தனலெட்சுமி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மகனைக் கண்டதும் கண்ணால் கிட்டக் கூப்பிட்டாள். வலிக்கிறது என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்து அவன் குனிந்தான்.

"ஒனக்குக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

"எத்தன கட்டி இருந்துச்சு? ஸ்கேன்ல ரெண்டுதானே தெரிஞ்சிச்சு."

"நான் எண்ணலம்மா."

"என்னா நெறம்?"

"அம்மா, நான் கண்ண மூடிட்டேன்."

தனலெட்சுமி அவனை ஏமாற்றத்தோடு பார்த்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். தன்னிடம்தான் காட்டியிருக்க வேண்டும், பிள்ளை பாலுக்கு அழுததால் கீழே போகவேண்டியதாகிவிட்டது என்று நிரஞ்சலா மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

மறுநாள் காலை, ஆபரேஷன் செய்த டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். தனலெட்சுமியின் கட்டிலருகே நின்று, வயிற்றுக் கட்டைப் பார்த்துவிட்டு, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். வலி இருக்கிறது, தாங்கலாம் என்று அவள் சொன்னாள். பிறகு தலையணையை முதுகுக்குச் சரியாக வைக்கச் சொல்லி, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்தாள்.